ஹாட்ச் பிரேக்கர் பூட்டாத கொள்ளையருக்கு ஒரு திறந்த மடல்

எலீட் டேஞ்சரஸ் என்ற இணைய விண்கப்பல் ஆட்டத்தின் ஓப்பன் முறையில் வழிமறிக்கும் கமாண்டர்களுக்கு, அதாவது ஆட்டக்காரர்களுக்கு,

வணக்கம். உங்களை ஆட்டத்தை விட்டு விரட்டச் சொல்லும் மனு அல்ல இது. இதை எழுதுவோரில் பாதிப் பேர் டைப்-9 என்ற பெரிய சரக்குக் கப்பலை ஓட்டுகிறவர்கள். மீதிப் பேர் அந்த டைப்-9ஐ வழிமறித்துப் பிழைக்கிறவர்கள். எதிரெதிராக நிற்கும் இந்த இரண்டு கூட்டமும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்று உண்டு. 'நான் பைரேட்' என்கிறவர் உண்மையில் பைரேட்தானா என்று அறிய அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்; அவர் கப்பலில் பூட்டியிருக்கும் கருவிகளைக் காட்டும் அவுட்ஃபிட்டிங் திரையைப் பார்த்தால் போதும். எதிராளியின் கிடங்குக் கதவைத் திறந்து சரக்கைக் கொட்ட வைக்கும் ஹாட்ச் பிரேக்கர் கன்ட்ரோலர் இல்லை, கிடங்கில் இருப்பதைக் காட்டும் மேனிஃபெஸ்ட் ஸ்கேனர் இல்லை, நாலு சரக்கு டப்பா வைக்கவும் இடமில்லை என்றால், அந்தக் கப்பல் எதை அள்ளிக்கொண்டு போக வந்தது?

'ஓப்பனை அழுத்தினாலே எல்லாவற்றுக்கும் சம்மதம்' என்பது உங்கள் தரப்பின் முதல் வாதம். அதில் பாதி சரி. 2014 டிசம்பரில் ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் வெளியிட்ட நாள் முதல் இந்த ஆட்டத்துக்கு மூன்று வாசல்கள்: எல்லோரோடும் ஆடும் ஓப்பன், தெரிந்தவர்களோடு மட்டும் ஆடும் பிரைவேட் குரூப், தனியாக ஆடும் சோலோ. மூன்றும் ஒரே பால்வெளிக்குள்தான் திறக்கின்றன. சோலோவில் ஓட்டினாலும் அதே சந்தை, அதே லாபம். ஆகவே ஓப்பனில் எதிர்ப்படும் ஒவ்வொரு சரக்குக் கப்பலும் சோலோவின் பாதுகாப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த கப்பல்தான். யாராவது வழிமறிப்பார்களோ என்ற படபடப்புக்காகவே வருகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அவர்கள் தலையாட்டியது வழிப்பறிக்கு. 'நில், கொட்டு, போ' என்ற மூன்று சொல்லுக்காவது இடமிருக்கும் ஆட்டத்துக்கு. சூப்பர்க்ரூஸ் என்ற அதிவேக ஓட்டத்திலிருந்து இழுக்கப்பட்டு, யார் எவர் என்று தெரிவதற்குள், அழிந்த கப்பலை மீண்டும் வாங்கச் சொல்லும் ரீபை திரையைப் பார்ப்பது வழிப்பறியில் சேராது. வாசல் இரண்டு பக்கமும் திறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வந்தவர் திரும்பிப் போக ஒரு சொடுக்கு போதும். ஓப்பனில் இரை இல்லை என்று புலம்புகிறவர்கள் அந்த இரையை சோலோவுக்கு ஓட்டியது யார் என்று தங்கள் விங் என்ற குழுவிலேயே விசாரிக்கலாம்.

கொள்ளைக் கப்பலுக்கு வேண்டியவை ரகசியம் அல்ல. பைத்தான், க்ரைட் எம்கே 2, இம்பீரியல் கிளிப்பர் போல வேகமும் உள்ளிடமும் சேர்ந்த கப்பல் ஒன்று. சூப்பர்க்ரூஸில் ஓடுகிறவரை வெளியே இழுக்க இன்டர்டிக்டர். சிறு கருவிகளுக்கான யுட்டிலிட்டி மவுண்டுகளில் ஒரு மேனிஃபெஸ்ட் ஸ்கேனர், தப்பியவரைத் தொடர ஒரு வேக் ஸ்கேனர். ஹாட்ச் பிரேக்கர் கன்ட்ரோலர் ஒன்று, கொட்டிய டப்பாக்களை அள்ளும் கலெக்டர் கன்ட்ரோலர் ஒன்று. குறைந்தது 64 டன் கார்கோ ரேக். அதில் 20 முதல் 30 டன் இந்தக் கன்ட்ரோலர்கள் ஏவும் லிம்பெட் என்ற சிறு ட்ரோன்களுக்கே போய்விடும், ஒவ்வொன்றும் ஒரு டன் இடம் பிடிப்பதால். ஸ்டேஷனில் லிம்பெட் ஒன்று வெறும் 101 கிரெடிட். காசு ஒரு பொருட்டே அல்ல, இடம்தான் இடிக்கும். இத்தனையும் பூட்டிய பிறகு கப்பலின் காப்பைக் கூட்டும் ஷீல்டு பூஸ்டருக்கும் ஹல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டுக்கும் மிச்சம் கொஞ்சமே. அதனால் நல்ல கொள்ளைக் கப்பல் சண்டையில் ஒரு படி கீழேதான் நிற்கும். சரக்கு வேண்டும் என்கிறவர் அந்தப் பலவீனத்தை ஏற்றுக்கொண்டுதான் கிளம்புகிறார். ஃபெர்-டி-லான்ஸ் என்ற சண்டைக் கப்பலின் அறைகளையெல்லாம் கவசத்தால் அடைத்துக்கொண்டு வருகிறவர் எதையும் ஏற்கவில்லை. எதிரில் வருபவருக்கு மட்டும் விலை வைக்கிறார். கொலையும் ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட வேலைதான். செய்கிறவர் அந்தப் பெயரிலேயே செய்யட்டும், எங்கள் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அந்த அரை நிமிடத்துக்கு வருவோம். சச்சரவு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

மேனிஃபெஸ்ட் ஸ்கேனர் சாதாரண வெளியில் மட்டுமே வேலை செய்யும். சூப்பர்க்ரூஸில் ஓடும் கப்பலின் கிடங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. கப்பலின் வகை, வருகிற திசை, போகிற ஸ்டேஷன் இவற்றை வைத்து ஊகித்து இழுக்கிறீர்கள். ஆக, குற்றம் முதலில் நடக்கிறது, காரணம் பிறகுதான் தெரிகிறது. இந்தத் தொழிலின் முதல் கடமை அங்கேதான் பிறக்கிறது: ஊகம் தப்பினால் விட்டுவிட வேண்டும். கிடங்கு காலி என்று ஸ்கேனர் காட்டிய பிறகும் சுடுகிறவருக்கு ஸ்கேனர் வெறும் அலங்காரம்.

பழகிய சரக்கோட்டி இன்டர்டிக்ஷனோடு மல்லுக்கட்ட மாட்டார். த்ராட்டிலைச் சுழியத்துக்கு இறக்கிப் பணிந்துவிடுவார். பணிந்தால் அவருடைய எஃப்.எஸ்.டி. (கப்பலைத் தாவ வைக்கும் இயந்திரம்) ஆறச் சுமார் 10 விநாடி; போராடித் தோற்றால் அது பல மடங்கு நீளும், கப்பலும் சுழன்று அடிபடும். ஆறியதும் அடுத்த நட்சத்திர மண்டலத்துக்குத் தாவ ஏறக்குறைய 15 விநாடி சார்ஜ், பிறகு சில விநாடி எண்ணிக்கை. பக்கத்தில் நிற்கும் கப்பலின் நிறையால் வரும் மாஸ் லாக், சூப்பர்க்ரூஸுக்குத் திரும்புவதைத்தான் தாமதப்படுத்தும். வேறு மண்டலத்துக்குத் தாவுவதை ஒன்றும் செய்யாது. மொத்தம் அரை நிமிடம். அதில் ஸ்கேன் 10 விநாடி தின்றுவிடும், அதுவும் இலக்கை மூக்குக்கு நேரே பிடித்திருந்தால்.

'மிச்ச 20 விநாடியில் எங்கே தட்டச்சு செய்வது, அதனால்தான் சுடுகிறோம்' என்பது இரண்டாவது வாதம். இதை நாங்கள் ஏற்கவில்லை. மிரட்டலை அந்த இடத்தில் புதிதாக யோசிப்பதுதான் தவறு. சொற்களை முன்பே முடிவு செய்து குறுக்குவிசையிலோ வாய்ஸ்அட்டாக் என்ற குரல் கட்டளை மென்பொருளிலோ போட்டு வையுங்கள். முதல் செய்தி, வெளியே விழுந்த உடனே, ஸ்கேனுக்கும் முன்னால்: 'நில், தாவாதே, சுடமாட்டேன்'. இரண்டாவது, ஸ்கேன் முடிந்ததும்: எத்தனை டன், என்ன சரக்கு. எண் முதலில் வரட்டும். எதிரில் இருப்பவர் ஜெர்மன்காரராகவோ பிரேசில்காரராகவோ இருக்கலாம். '40' என்பது எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு சொல்லுக்குள் முடியுங்கள். கடற்கொள்ளையர் பாணியில் வசனம் பேச ஆசை இருந்தால் சரக்கு கைக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், நேரம் நிறைய இருக்கும்.

செய்தி இடது மேல் மூலையில் விழுகிறது. பதற்றத்தில் இருக்கும் புதியவர் அங்கே பார்க்க மாட்டார். பதில் வராதது மறுப்பு ஆகாது. அவர் மூக்குக்கு முன்னால் இரண்டு முறை சுட்டுக் காட்டுங்கள். படாதவரை அது தாக்குதலாகப் பதிவாகாது, ஆளும் நிமிர்ந்து பார்ப்பார்.

கேட்டும் கொடுக்கவில்லை, தாவப் பார்க்கிறார் என்றால் சுடுவது நியாயம்தான். எங்களில் டைப்-9 ஓட்டுகிறவர்களே இதை ஒப்புக்கொள்கிறார்கள். எங்கே சுடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஷீல்டு இறங்கியதும் கப்பலின் உறுப்புகளைக் காட்டும் சப்சிஸ்டம் பட்டியலில் டிரைவ்ஸ் (உந்திகள்), எஃப்.எஸ்.டி. இந்த இரண்டோடு நிறுத்துங்கள். டம்ப்ஃபயர் ஏவுகணையில் எஃப்.எஸ்.டி. இன்டரப்ட் என்ற பரிசோதனை விளைவைப் போட்டிருந்தால் இன்னும் சுத்தம்: எஃப்.எஸ்.டி. ரீபூட் ஆகும், கப்பல் உடையாது. பவர் பிளாண்ட்டைத் தொடாதீர்கள். அது சுழியத்துக்கு இறங்கிய பிறகு விழும் அடிகளில் கப்பல் மொத்தமும் வெடிக்கலாம். வெடித்தால் கிடங்கில் இருந்ததில் ஒரு சிறு பங்குதான் டப்பாக்களாக மிதக்கும். கறக்க வந்தவர் மாட்டை அறுத்து மடியைத் தேடுவது போல.

கண்ணாடியையும் விட்டுவிடுங்கள். கேனபி உடைந்தால் உள்ளே இருப்பவருக்கு உயிர்க்காப்பு மாட்யூலின் நேரம் மட்டுமே மிச்சம்: ஈ தரத்தில் 5 நிமிடம், டி தரத்தில் ஏழரை, ஏ தரத்தில் 25. எடை குறைவு என்பதால் சரக்கோட்டிகள் பெரும்பாலும் டி தரத்தைத்தான் பூட்டுகிறார்கள். நட்சத்திரத்திலிருந்து தொலைவில் இருக்கும் ஸ்டேஷனுக்கு ஏழரை நிமிடத்தில் போய்ச் சேர முடியாது. சரக்கைக் கொடுத்துவிட்டவரை மூச்சுத் திணறிச் சாக விட்டுப் போவது பேச்சுத் தவறியது ஆகும், கடைசிக் குண்டு உங்களுடையதாக இல்லாவிட்டாலும். டிரைவ்ஸ் சுழியமாகிக் கிடந்தால் போகும் முன் 'ரீபூட் அண்ட் ரிப்பேர் போடு' என்று ஒரு வரி எழுதுங்கள். வலதுபுறப் பலகையில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மற்ற மாட்யூல்களிலிருந்து கொஞ்சம் எடுத்து, செத்ததை மெல்ல ஓட வைக்கும்.

ஹாட்ச் பிரேக்கர் ஏன் சரிவருவதில்லை என்று சலித்துக்கொள்வோர் அதிகம். காரணங்கள் சில்லறையானவை. ஷீல்டு இறங்கும் முன்பே ஏவுவது. தூரத்திலிருந்து ஏவுவது, ஒரு கிலோமீட்டருக்குள் போய் ஏவினால் பாயின்ட் டிஃபென்ஸ் சுட்டு வீழ்த்த நேரம் குறைவு. இலக்கு முழு வேகத்தில் போகும்போது டிரைவ்ஸை உடைத்துவிட்டு, பிறகு மிதந்து விலகும் கப்பலிலிருந்து சரக்கைக் கொட்ட வைப்பது. அப்படிச் செய்தால் டப்பாக்கள் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டதுபோல் சிதறும், கலெக்டரின் எல்லைக்குள் பாதிகூட வராது. கலெக்டரை ஏவும்போது ஒரு டப்பாவை இலக்காகத் தேர்ந்தெடுத்திருந்தால் அது அந்த ஒன்றை மட்டும் எடுத்து வந்து அழிந்துவிடும். இலக்கு எதுவும் இல்லாமல் ஏவினால்தான் ஆயுள் முடியும்வரை அள்ளிக்கொண்டே இருக்கும். இந்தச் சிரமங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, இலக்கு தானே நின்று தானே கொட்டுவது. நம்பிக்கை இல்லாமல் அது நடக்காது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற கொள்ளையர் என்று பெயர் எடுத்தவருக்கு லிம்பெட் செலவே மிச்சம்.

எவ்வளவு கேட்பது? எங்கள் கணக்கு இது. டைப்-9இல் 700 டன்னுக்கு மேல் ஏறும். டன்னுக்கு 50,000 கிரெடிட் என்றால் 700 டன்னில் மூன்றரைக் கோடி நிற்கிறது. ரீபை கப்பல் மதிப்பில் 5 சதவீதம்தான், ஆனால் சரக்குக்குக் காப்பீடு கிடையாது, போனால் முழுதும் போச்சு. 40 டன் கேட்டால் 20 இலட்சம். சரக்கோட்டி பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட்டு மிச்சத்தை விற்கப் போவார், நாளைக்கும் அதே பாதையில் வருவார். 400 டன் கேட்டால் சண்டை போடுவார், அல்லது சோலோவுக்குப் போவார். உங்களாலும் 400ஐ அள்ள முடியாது. நாலு கலெக்டர் ஒரு நேரத்தில் ஒவ்வொரு டப்பாவாகத்தான் தூக்கும். 40 டன்னுக்கே சில நிமிடம் பிடிக்கும், சட்டம் நடக்கும் மண்டலத்தில் அதற்குள் காவல் கப்பல்கள் வந்துவிடும். பத்தில் ஒன்றுக்குக் கீழே நிற்பது பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அதற்கு மேல் கைக்கு எட்டாது.

கிரெடிட்டை மட்டும் குறிவைத்துக் கணக்குப் போட முடியாத சரக்கும் இப்போது ஓடுகிறது. 2025 பிப்ரவரியில், ஆட்டக்காரர்களே புதிய மண்டலங்களில் நிலையம் கட்டும் மண்டலக் குடியேற்றம் வந்த பிறகு எஃகும் டைட்டானியமும் சி.எம்.எம். காம்போசிட்டும் ஏற்றிப் போகும் கப்பல்கள் பெருகிவிட்டன. முதல் நிலையத்தை நாலு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். 20,000 டன் வேண்டும் என்றால் டைப்-9க்குச் சுமார் 28 நடை. எஃகை விற்றால் உங்களுக்குச் சில்லறைதான் தேறும். அடித்து நொறுக்கினால் அவருக்குப் போவது ஒரு மாலைப்பொழுது. உங்கள் ஆதாயத்துக்கும் அவர் இழப்புக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் இடத்தில் கொள்ளை என்ற சொல் பொருந்தவில்லை. ஸ்கேனரில் எஃகு தெரிந்தால் வழிவிடுங்கள் என்பது எங்கள் கோரிக்கை. கட்டாயப்படுத்த எங்களால் முடியாது.

ஆய்வுப் பயணிகள் விஷயத்தில் அந்தத் தயவும் வேண்டாம், கணக்கே போதும். அவர்கள் சுமப்பது விண்மீன் வரைபடத் தரவு. கப்பல் அழிந்தால் தரவு அழியும்; அதைத் திருட ஆட்டத்தில் எந்தக் கருவியும் இல்லை. மாதக்கணக்கில் சேர்த்ததை அழிக்க முடியும், எடுத்துக்கொள்ள முடியாது. 2019 ஜனவரியில் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கமாண்டர்கள் பால்வெளியின் மறுகரைக்குக் கிளம்பினார்கள். அப்படிப்பட்ட பயணத்தின் வழியில் காத்திருந்து சுடுகிறவர்களைக் கொள்ளையர் என்று அழைக்க எந்தக் கோணத்திலும் இடமில்லை. பயணிகள் கேபின் மட்டும் பூட்டிய கப்பலும் அப்படியே. எரிபொருள் தீர்ந்தவர்களுக்கு உதவ ஓடும் ஃபியூயல் ராட்ஸை எரிபொருள் இல்லை என்று பொய் சொல்லி வரவழைத்துச் சுடுவதைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டெசியாட் என்ற நட்சத்திர மண்டலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதியவர்களுக்கென்று 2019 முதல் மூடிய தொடக்கப் பகுதி இருக்கிறது. அதை விட்டு வெளியே வந்ததும் கப்பல் கருவிகளை மேம்படுத்திக்கொள்ளப் பலர் தேடிப் போகும் முதல் பொறியாளர் டெசியாட்டில் இருக்கும் ஃபெலிசிட்டி ஃபார்ஸியர். அவருக்குக் காணிக்கை ஒரே ஒரு டன் மெட்டா-அலாய். ஆக அங்கே வருகிற சின்னக் கப்பல்கள் பலவற்றின் கிடங்கில் இருப்பது ஒரு டப்பா. அதற்காக நாலு பேர் விங் போட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பதைப் பார்த்தால், ஆறலைக் கள்வர் என்ற பழைய சொல்லுக்கே மரியாதை போய்விடும்.

ஈவ் ஆன்லைன் என்ற இன்னொரு விண்கப்பல் ஆட்டத்தைக் காட்டி 'அங்கே இதைவிட மோசம்' என்பவர்களுக்கு: அங்கே சோலோ வாசல் கிடையாது. 2003இல் தொடங்கிய நாளிலிருந்து உள்ளே வந்தவர் எல்லோரும் ஒரே சந்தையில்தான். பாதுகாப்பான மண்டலத்திலும் கான்கார்ட் காவல் தடுக்க வருவதில்லை, தண்டிக்க வருகிறது, அதுவும் சில விநாடி தாமதமாக. அந்தச் சில விநாடிக்குள் மலிவான கேட்டலிஸ்ட் கப்பல்களைக் காவு கொடுத்துப் பெரிய சரக்குக் கப்பலை உடைப்பது அங்கே ஒரு தொழில். உடைந்த கப்பலின் பொருள்களில் பாதியளவு மிஞ்சும் என்று வைத்து, இழக்கும் கப்பல்களின் விலையைக் கழித்து, தேறினால்தான் சுடுவார்கள். பணம் கைமாற்ற அங்கே வழி உண்டு, ஆகவே பணயத்தொகை கேட்கலாம். எலீட்டில் ஒரு கமாண்டர் இன்னொருவருக்கு நேரடியாகப் பணம் கொடுக்க முடியாது; சரக்கு ஒன்றுதான் பேச்சுவார்த்தையின் நாணயம். அதைக் கேட்காதவர் பேச்சுவார்த்தையையே மறுக்கிறார்.

ஈவிலும் கோடு உண்டு. 2010இல் நிஜப் பணத்துக்கு விற்கப்படும் பிளெக்ஸ் என்ற பொருளில் 74ஐச் சுமந்துபோன ஒரு கெஸ்ட்ரல் கப்பல் சுடப்பட்டபோது ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட நிஜப் பண மதிப்பு சாம்பலானது. அது விதிக்கு உட்பட்டதுதான், யாரும் தண்டிக்கப்படவில்லை. 2012இல் ரெய்காவிக் ஆண்டு விழா மேடையில் ஒரு கூட்டணித் தலைவர், மனமுடைந்திருந்த ஒரு ஆட்டக்காரரைத் தற்கொலைக்குத் தூண்டும்படி கேலி பேசினார். 30 நாள் தடை விழுந்தது, ஆட்டக்காரர் பேரவைத் தலைவர் பதவியும் போனது. கப்பலை இழந்தவரை ஒலிச்சாட்டில் அழவைத்துப் பதிவு செய்து பரப்புகிறவர்கள் இந்த இரண்டில் எது தங்களுடையது என்று பார்த்துக்கொள்ளலாம்.

சரக்கோட்டிகளுக்கும் சொல்ல இருக்கிறது. மெனுவில் போய் 15 விநாடி காத்திருந்து வெளியேறுவது விதிக்குள் வரும். கேபிளைப் பிடுங்குவதும் டாஸ்க் மேனேஜரில் கொல்வதும் வராது. ஃபிரான்டியர் அதை ஏமாற்று என்றே சொல்லியிருக்கிறது. ஆட்டக்காரர்களின் கணினிகளே நேரடியாக இணைந்து ஓடும் அமைப்பு என்பதால் யார் பிடுங்கினார், யாருக்கு இணையம் போனது என்று பிரித்தறிவது கடினம், அந்த இருட்டில் ஒளிகிறீர்கள். 40 டன்னைக் கேட்டு 20 விநாடி பொறுத்து நின்ற கொள்ளையர் முன் கேபிளைப் பிடுங்குகிறவர், அடுத்த சரக்கோட்டியைக் கேட்காமலே சுடும்படி அவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

ஃபிரான்டியரிடம் இரண்டு வேண்டுகோள். தாக்குதலுக்கு பவுண்டி (தலைக்கு விலை) மட்டும், கொலைக்கு நோட்டோரைட்டியும் (கெட்டபெயர்ப் புள்ளி) சேர்த்து என்று 2018இல் நீங்கள் பிரித்தது சரியான பிரிப்பு. ஒரு கொலைக்கு ஒரு புள்ளி, குறைய இரண்டு மணி நேரம். கொல்லாமல் கொள்ளையடிப்பவருக்கு அது லாபம்தான். ஆனால் சட்டமே இல்லாத அராஜக மண்டலத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆட்டக்காரரைக் கொன்றதற்கான நோட்டோரைட்டி மட்டுமாவது அங்கேயும் பதிவாகட்டும். இரண்டாவது, கோரிக்கைப் பலகை ஒன்று: வழிமறிப்பவர் சரக்கையும் டன்னையும் தேர்ந்தெடுக்க, எதிராளியின் திரை நடுவில் ஏற்கவா மறுக்கவா என்று கேட்கும் சின்னப் பெட்டி. தட்டச்சுக்கு நேரமில்லை என்ற சாக்கு அன்றோடு போய்விடும்.

இப்படிக்கு,
ஓப்பனில் சரக்கு ஓட்டுவோரும் வழிமறிப்போரும் சிலர்

பி.கு.: சரக்கைக் கேட்கும்போது 'ஜெட்டிசன்' என்று எழுதாதீர்கள், 'அபாண்டன்' என்று எழுதுங்கள். ஜெட்டிசன் செய்த டப்பா கொட்டியவர் பெயரிலேயே இருக்கும். நீங்கள் எடுத்தால் திருட்டுச் சரக்கு, கறுப்புச் சந்தையில்தான் விற்க முடியும். அபாண்டன் செய்தது எவருடையதும் இல்லை, எந்த ஸ்டேஷனிலும் விற்கலாம். சரக்குப் பலகையில் இரண்டு பொத்தானும் பக்கத்திலேயே இருக்கின்றன. பதற்றத்தில் மாற்றி அழுத்திவிட்டால் அதற்காகச் சுட வேண்டாம்.